இதயத் தசைக்கு இரத்தம் எப்படி அளந்து போகிறது? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கத்தில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக் கொடுக்கிறேன். இதயப் பாடம் நடக்கிற நாட்களில் வருகிற கேள்விகளில் பாதி புத்தகத்தில் இருந்து வரும், மீதி வீட்டில் இருந்து வரும். அம்மாவுக்கு ஏத்தம் ஏறினால் நெஞ்சு அடைக்கிறது, தாத்தாவுக்கு நாக்குக்கு அடியில் வைக்கக் குளிசை கொடுத்திருக்கிறார்கள், மாமாவுக்கு அன்ஜியோகிராமில் (இதய நாடிகளைப் படமெடுக்கும் பரிசோதனை) ஒன்றுமில்லை என்கிறார்கள் ஆனால் வலி நிற்கவில்லை. இரண்டு வகைக் கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருப்பதால் சேர்த்தே எழுதியிருக்கிறேன். இதை வைத்து யாருடைய மருந்தையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அது கிளினிக் வைத்தியருடைய வேலை.

இதயத்துக்குள்ளேயே இரத்தம் நிரம்பி இருக்கிறதே, அதற்குத் தனியாக நாடி எதற்கு?

நிரம்பி இருந்தாலும் எடுத்துக்கொள்ள முடியாது. இடது இதயவறையின் சுவர் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் தடிப்பு. உள்ளே இருக்கும் இரத்தத்தில் இருந்து ஒட்சிசன் தானாகப் பரவிச் சேரக்கூடியது சுவரின் மிக மெல்லிய உட்பக்கம் வரைக்கும்தான். மற்றதெல்லாம் வெளியே இருந்து வர வேண்டும். தொகுதிப் பெருநாடி இதயத்தை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே, வால்வு இதழ்களுக்குச் சற்று மேலே, இரண்டு முடியுரு நாடிகள் பிரிகின்றன. இடது நாடி கொஞ்சத் தூரத்தில் இரண்டாகி, ஒரு கிளை முன்பக்கமாக இறங்குகிறது, மற்றது பக்கவாட்டில் சுற்றிப் பின்னே போகிறது. தொடக்கத்தில் இந்த நாடிகளின் விட்டம் மூன்று நான்கு மில்லிமீற்றர்தான்.

எவ்வளவு இரத்தம் போகிறது?

சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 250 மில்லிலீற்றர். இதயம் வெளியேற்றும் 5 லீற்றரில் இது நூற்றுக்கு ஐந்து பங்கு. இதயத்தின் எடையோ 300 கிராம் அளவில்தான், உடல் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு கூட வராது. கடினமாக வேலை செய்யும்போது இந்த 250 என்பது நான்கு ஐந்து மடங்கு வரை ஏறலாம். இந்த "ஏறலாம்" என்பதைத்தான் கையிருப்பு என்று இனிமேல் சொல்லப் போகிறேன். கீழே வரும் கேள்விகள் அநேகமாக எல்லாமே அந்தக் கையிருப்பைப் பற்றியவைதான்.

கால் தசையும் தசைதான், இதயமும் தசைதான். இதயத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவனம்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். பாடப் புத்தகங்கள் ஒரு வரியில் கடந்து போகிற விஷயம் இது. என்னைக் கேட்டால் அத்தியாயமே இதில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கால் தசைக்குப் போகும் இரத்தத்தில் இருந்து, தசை எடுத்துக்கொள்வது அதில் உள்ள ஒட்சிசனில் கால் பங்கு அளவுதான். முக்கால் பங்கு தொடப்படாமலே நாளம் வழியாகத் திரும்பிவிடும். அவர் எழுந்து மலைக்கு ஏறத் தொடங்கினால் கால் தசைக்கு இரண்டு வழி இருக்கிறது. கூடுதல் இரத்தத்தை வரவழைக்கலாம், வருகிற இரத்தத்தில் இருந்தே கூடுதலாக எடுக்கவும் செய்யலாம்.

இதயத் தசைக்கு இரண்டாவது வழி இல்லை என்றே சொல்லலாம். சும்மா இருக்கும்போதே வருகிற ஒட்சிசனில் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு வரை அது எடுத்துவிடுகிறது. இதயத் தசையில் இருந்து வடிந்து வரும் இரத்தம் முடியுருக் குடாவில் சேரும்போது அதில் ஒட்சிசன் நிரம்பல் நூற்றுக்கு முப்பதைத் தாண்டாது. உடம்பின் மிகக் கறுத்த இரத்தங்களில் அதுவும் ஒன்று. ஒவ்வொரு தசைநாருக்கும் ஏறத்தாழ ஒரு மயிர்த்துளைக்குழாய் என்ற நெருக்கத்தில் வலை பின்னியிருப்பதால்தான் இப்படி உறிஞ்ச முடிகிறது. ஒட்சிசன் இல்லாமல் கொஞ்ச நேரம் சமாளிப்பதும் அதற்கு வராது. நாம் ஓடிவிட்டு நின்று மூச்சு வாங்கிக் கடனை அடைப்போமே, அந்த மாதிரி இதயம் நின்று கடன் அடைக்க முடியாது.

ஆகவே இதயத்துக்கு வேலை இரண்டு மடங்கானால் இரத்தமும் ஏறத்தாழ இரண்டு மடங்காக வந்தே தீர வேண்டும். அதுவும் சில நொடிகளுக்குள். மீதி ஒழுங்குமுறை எல்லாம் இந்த நெருக்கடிக்காக ஏற்பட்டதுதான்.

இதயம் சுருங்கும்போதுதானே இரத்தம் தள்ளப்படுகிறது? அப்போதே இதயத் தசைக்கும் போய்விடாதா?

உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பவர்கள் வழுக்குகிற இடம். உடம்பின் மற்ற எல்லா உறுப்புக்கும் இரத்தம் பலமாகப் பாய்வது இதயம் சுருங்கும்போது. இடது இதயவறையின் தசைக்கு மட்டும் பெரும்பங்கு பாய்வது அது தளரும்போது. காரணம், சுருங்கும் தசை தனக்குள்ளே ஓடும் சிறு குழாய்களைத் தானே நெரித்துவிடுகிறது. உட்சுவர்ப் பக்கம் நெரிசல் மிக அதிகம், அங்கே சுருக்கத்தின்போது ஓட்டம் கிட்டத்தட்ட நின்றே போகிறது. 1695 இல் இத்தாலிய வைத்தியர் ஸ்கரமுச்சி இதை ஊகித்துச் சொல்லியிருக்கிறார், அளந்து பார்க்க எந்தக் கருவியும் இல்லாத காலத்தில்.

வலது இதயவறை குறைந்த அமுக்கத்தில் வேலை செய்வதால் அதன் தசைக்கு இரண்டு கட்டத்திலும் ஓரளவு ஒரே சீராக இரத்தம் போகிறது.

இப்போது நாடித்துடிப்பைப் பாருங்கள். நிமிடத்துக்கு 75 துடிப்பில் ஒவ்வொரு சுற்றிலும் சுருக்கத்துக்கு 0.27 செக்கன், தளர்வுக்கு 0.53 செக்கன். நிமிடத்தில் 40 செக்கன் அளவுக்குத் தசைக்கு வாய்க்கால் திறந்திருக்கிறது. துடிப்பு 200 ஆனால் சுருக்கத்துக்கு 0.16, தளர்வுக்கு 0.14. நிமிடத்துக்கு 28 செக்கன்தான். வேலை பல மடங்கு கூடியிருக்கிறது, சாப்பிடக் கிடைக்கும் நேரமோ குறைந்துவிட்டது. ஆரோக்கியமான இதயத்தில் குழாய்கள் விரிந்து இதை ஈடுகட்டிவிடும். விரிய இடமில்லாத இதயத்துக்கு வேகமான நாடித்துடிப்பே ஒரு தண்டனை.

குழாயைத் திறப்பதும் மூடுவதும் யார்? மூளையா?

பெரும்பாலும் இல்லை. கட்டளை தசையில் இருந்தே வருகிறது.

முதலில் எங்கே திறந்து மூடுகிறது என்று தெரிய வேண்டும். அன்ஜியோகிராம் படத்தில் தெரியும் பெரிய முடியுரு நாடிகள், நோயில்லாதபோது இரத்தத்துக்குக் காட்டும் தடை மிகச் சிறியது. தடை இருப்பது அவற்றின் நுனிக் கிளைகளில், அதாவது மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கை விட ஒடுங்கிய சிறு நாடிகளிலும், அவற்றைவிட நுண்ணிய கடைசிக் கிளைகளான புன்னாடிகளிலும். அவற்றின் சுவரில் மழமழப்பான தசை சுற்றியிருக்கிறது. குழாயின் ஆரை சற்றே மாறினாலும் ஓட்டம் பலமாக மாறும், ஏனென்றால் ஓட்டம் ஆரையின் நாலாம் அடுக்கைப் பொறுத்தது. ஆரை இரண்டு மடங்கானால் ஓட்டம் பதினாறு மடங்கு.

இதயத் தசைநார் கடினமாக வேலை செய்தால் ஒட்சிசன் குறைகிறது, காபனீரொட்சைட்டும் ஐதரசன் அயனும் பொற்றாசியமும் வெளியே வருகின்றன, கலத்தின் சக்தி நாணயமான ஏ.டி.பி. உடைந்து அடினோசின் கசிகிறது. இவை பக்கத்துப் புன்னாடியின் தசையைத் தளர்த்துகின்றன. அடினோசினைத்தான் பிரதான தூதுவன் என்று 1963 இல் ரொபர்ட் பேர்ன் முன்வைத்தார். கேட்க அழகான விளக்கம்: சக்தி நாணயம் செலவாகும்போது அதன் உடைந்த துண்டே போய்க் கதவைத் திறக்கிறது. ஆனால் பின்னர் அடினோசினின் வேலையைத் தடுத்துவிட்டுப் பரிசோதித்தபோதும் உடற்பயிற்சியில் இரத்த ஓட்டம் ஏறத்தான் செய்தது. ஆகவே அது ஒருவன் மட்டுமே கதவுக்காரன் அல்ல. ஏ.டி.பி. குறைந்தால் திறக்கும் பொற்றாசியம் வாய்க்கால்கள் உட்படப் பல வழிகள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்கின்றன. ஒன்று தவறினால் இன்னொன்று ஏற்றுக்கொள்ளும். பரீட்சையில் "அடினோசின்" என்று ஒரு சொல் எழுதினால் புள்ளி கிடைக்கும், ஆனால் கதை அதோடு முடியவில்லை என்று தெரிந்து வைத்திருங்கள்.

அப்படியானால் நரம்புக்கு வேலையே இல்லையா?

இருக்கிறது, ஆனால் சுற்றி வளைத்து. பரபரப்பில் உடம்பை முடுக்கிவிடும் பரிவு நரம்பு இதயத்தை வேகமாகவும் பலமாகவும் அடிக்கச் செய்கிறது. அதனால் தசையின் தேவை கூடுகிறது, தேவை குழாயை விரிக்கிறது. அதே நரம்பு குழாய்ச் சுவரில் உள்ள அல்பா வாங்கிகள் மூலம் குழாயை நேரடியாக ஒடுக்கவும் பார்க்கிறது. சாதாரணமாகத் தேவையின் குரல்தான் வெல்லும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களைப் பாருங்கள். நரம்பெல்லாம் வெட்டப்பட்ட இதயம் அது, ஆனாலும் தேவைக்கேற்ப இரத்தத்தைக் கூட்டிக்கொள்கிறது.

பிரஷர் ஏறி இறங்கினால் இதயத்துக்குப் போகும் இரத்தமும் ஏறி இறங்குமா?

ஓரளவு எல்லைக்குள் இல்லை. சராசரி அமுக்கம் 60 இல் இருந்து 140 மி.மீ. இரசம் வரை எங்கே இருந்தாலும், வேலை மாறாத வரை, ஓட்டம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். அமுக்கம் ஏறி சுவரை இழுத்தால் சிறு நாடி தானாக ஒடுங்கும், இறங்கினால் தளரும். 1902 இல் பேய்லிஸ் விவரித்த இந்தக் குணத்துக்கு நரம்பும் தேவையில்லை, ஓர்மோனும் தேவையில்லை.

எல்லையைத் தாண்டிக் கீழே போனால் குழாய்கள் முழுக்க விரிந்து முடிந்திருக்கும். அதற்குப் பிறகு அமுக்கம் எவ்வளவோ ஓட்டம் அவ்வளவுதான். உட்சுவர்ப் பக்கம்தான் முதலில் பசிக்கும். நீண்டகாலப் பிரஷரால் தசை தடித்துப்போனவர்களுக்கு இந்த எல்லை இன்னும் சீக்கிரமே வந்துவிடும், தசை பெருத்த அளவுக்குக் குழாய் பெருகவில்லை என்பதால்.

குழாயின் உட்சுவர் வெறும் பூச்சுதானா?

நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். 1980 இல் ஃபேர்ச்கொட் ஒரு பரிசோதனை முடிவை வெளியிட்டார். அசற்றைல்கோலின் என்ற பொருள் நாடியைத் தளர்த்துகிறது, ஆனால் உட்பக்க அகவணிக் கலங்களைச் சுரண்டி எடுத்துவிட்டால் அதே பொருள் நாடியைச் சுருக்குகிறது. அகவணி ஏதோ ஒன்றைச் சுரந்து தசையைத் தளர்த்துகிறது என்று விளங்கியது. அது நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயு என்று பிறகு தெரியவந்தது. இதற்காக ஃபேர்ச்கொட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998 இல் நோபல் பரிசு. இரத்தம் வேகமாக உரசி ஓடினால் அகவணி இந்த வாயுவைக் கூடுதலாக விடும். அதனால் நுனியில் புன்னாடி திறந்து ஓட்டம் கூடும்போது, மேலே உள்ள பெரிய நாடியும் சேர்ந்து விரிந்து கொடுக்கிறது.

நீரிழிவு, புகைத்தல், கொழுப்பு, உயர்ந்த பிரஷர் நான்கும் முதலில் கெடுப்பது இந்த அகவணியைத்தான், அன்ஜியோகிராமில் எதுவும் தெரிவதற்கு வெகு காலம் முன்னரே. வெற்றிலையோடு போடும் புகையிலையில் புகை இல்லையே என்று பெரியவர்கள் வாதாடுவார்கள். புகை இல்லைதான், நிக்கொட்டின் இருக்கிறது. அது நாடித்துடிப்பையும் அமுக்கத்தையும் ஏற்றி, முடியுரு நாடியை ஒடுக்கவும் செய்கிறது.

"ஏத்தத்துல ஏறுனா மட்டும் நெஞ்ச அடைக்குது, உக்காந்தா சரியாயிருது. அப்ப அது காஸ் தானே சேர்?"

இதுதான் எனக்கு வருகிற கேள்விகளில் மிக அதிகமானது, பிள்ளைகளின் பெற்றோரிடம் இருந்து. நேரடிப் பதில்: வேலை செய்யும்போது வந்து ஓய்ந்தால் போகிற நெஞ்சு இறுக்கத்தை, வேறு என்று வைத்தியர் சொல்லும் வரை, இதயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சோடா குடித்து ஏப்பம் விட்டதும் சரியாகிவிட்டது என்பார்கள். சோடா குடிக்க நின்ற ஐந்து நிமிட ஓய்வில் சரியாகியிருக்கலாம். 1768 இல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் இந்த நோயை முதன்முதலில் தெளிவாக விவரித்தபோதே சொன்ன அடையாளம், நடக்கும்போது வரும், குறிப்பாக மேட்டில் ஏறும்போதும் சாப்பிட்ட உடனேயும் வரும், நின்றால் போய்விடும் என்பதுதான்.

ஏன் அப்படி என்பதற்குத் தோட்டத்துக் குழாய்த் தண்ணியை நினைத்துப் பாருங்கள். மேலே ஊற்றில் இருந்து ஒரு பெரிய குழாய் இறங்கி வந்து லயத்துக்கு லயம் பைப்பாகப் பிரிகிறது. பெரிய குழாய்க்குள் பாசியும் மண்ணும் சேர்ந்து பாதி அடைத்துவிட்டது. பகலில் ஆட்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரம், ஒரு வீட்டில் பைப்பைக் கொஞ்சம் கூடுதலாகத் திருகிக்கொண்டால் பழைய அளவு தண்ணி வந்துவிடும், அடைப்பு இருப்பதே தெரியாது. அந்தியில் எல்லாரும் குளிக்க வந்து எல்லாப் பைப்பையும் திறக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

முடியுரு நாடியிலும் இதேதான். அடைப்பு வளர வளர, நுனியில் உள்ள புன்னாடிகள் முன்கூட்டியே விரிந்து ஈடு கொடுக்கின்றன. அதனால் நாடியின் விட்டத்தில் பாதி குறையும் வரை பெரும்பாலானோருக்கு எந்த வேலையிலும் ஒன்றும் தெரியாது. பாதியைத் தாண்டியதும் உச்ச ஓட்டம், அதாவது கையிருப்பு, குறையத் தொடங்குகிறது. ஓய்வு நேர ஓட்டமே குறைய வேண்டுமென்றால் அடைப்பு ஏறத்தாழ 85 சதவீதத்துக்கு மேல் போக வேண்டும். ஆகவே கிளினிக்கில் படுக்க வைத்து எடுத்த ஈ.சீ.ஜீ. நன்றாக இருந்தது என்பது பாதிச் செய்திதான். படுத்திருந்தபோது கையிருப்புக்கு வேலையே இருக்கவில்லை. அதனால்தான் ட்ரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்க்கிறார்கள்.

காலைப் பனியில் மலைக்கு ஏறும்போது ஏன் கூடுதலாக வருகிறது?

குளிர் தோலின் குழாய்களை ஒடுக்குகிறது, அமுக்கம் ஏறுகிறது, இதயம் கூடிய அமுக்கத்துக்கு எதிராகத் தள்ள வேண்டியிருக்கிறது. தேவை கூடுகிறது. அகவணி கெட்டுப்போன முடியுரு நாடி குளிருக்கு விரிவதற்குப் பதிலாக ஒடுங்கவும் கூடும். வரத்தும் குறைகிறது. இதோடு காலை உணவையும் முடித்துக்கொண்டு, பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) நேரமாகிவிட்டது என்று அவசரமாக ஏறினால், வயிற்றுக்கும் இரத்தம் போக வேண்டியிருக்கிறது. சம்பளத்தைப் பிடிக்காமல் கொஞ்சம் மெதுவாக ஏற விடுகிற கங்காணி, குளிர் காலத்தில் செய்கிற வைத்தியம் பெரியது. கழுத்தையும் வாயையும் துணியால் சுற்றிக்கொள்வது வெறும் பழக்கம் அல்ல, பலன் உண்டு.

நுவரெலியா உயரத்தில் ஒட்சிசன் குறைவுதானே? இதய நோயாளிகள் இங்கே இருக்கலாமா?

நுவரெலியா 1868 மீற்றர். அங்கே வளியமுக்கம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு அளவு. ஆனால் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினின் குணத்தால், மூச்சில் வரும் ஒட்சிசன் இவ்வளவு குறைந்தாலும் இரத்தத்தின் நிரம்பல் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேலேயே நிற்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிய கணக்கல்ல. கொழும்பில் இருந்து வந்து அன்றைக்கே சுமை தூக்கி ஏறுகிறவரின் இதயம் சற்றுக் கூடுதல் ஓட்டத்தைக் கேட்கும், அவ்வளவுதான்.

சிவனொளிபாத மலை வேறு. 2243 மீற்றர் உச்சி என்பது கூடப் பிரச்சினை அல்ல. நல்லதண்ணியில் இருந்து ஏறக்குறைய 1000 மீற்றர் உயரத்தை, படி படியாக, நடுச்சாமக் குளிரில், தூக்கமில்லாமல் ஏறுகிறோம். இடையில் நிறுத்தி இளைப்பாறக் கடைகளும் மடங்களும் இருக்கின்றன. ஏத்தத்தில் நெஞ்சு இறுக்கம் உள்ளவர் வைத்தியரிடம் கேட்காமல் இந்த யாத்திரைக்குக் கிளம்புவது சரியில்லை என்பது என் கருத்து. நேர்த்திக்கடன் ஒரு வருடம் காத்திருக்கும்.

இரத்தம் குறைவு என்று அம்மாவுக்கு இரும்புக் குளிசை கொடுக்கிறார்கள். அதற்கும் நெஞ்சு வலிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நாம் நினைப்பதைவிடக் கூடுதலாக. தோட்டப் பெண்களிடையே குருதிச்சோகை எவ்வளவு சாதாரணம் என்று சொல்லத் தேவையில்லை. அதைக் களைப்பு, தலைச்சுற்று என்ற அளவோடு நிறுத்திவிடுகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் ஈமோகுளோபின் 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கும். ஈமோகுளோபின் 14 (100 மில்லிலீற்றருக்கு 14 கிராம்) உள்ளவரின் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ 19 மில்லிலீற்றர் ஒட்சிசன். அதில் முக்கால் பங்கை, 14 மில்லிலீற்றரை, இதயத் தசை எடுத்துக்கொள்கிறது. ஈமோகுளோபின் 7 ஆக இறங்கினால் அதே 100 மில்லிலீற்றரில் எடுக்கக்கூடியது 7 தான். இதயத்தின் தேவை குறையவில்லை. கூடுதலாக உறிஞ்சவும் வழியில்லை, ஏற்கெனவே உறிஞ்சி முடித்தாயிற்று. எனவே சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 250 க்குப் பதில் 500 மில்லிலீற்றர் ஓட வேண்டும். நான்கு மடங்கு கையிருப்பில் இரண்டு மடங்கு ஓய்விலேயே செலவாகிவிட்டது. சோகையால் நாடித்துடிப்பும் வேகமாக இருக்கும், தளர்வு நேரமும் குறையும். இரத்தம் ஐதாகி இலகுவாக ஓடுவது ஒரு சிறு ஆறுதல்.

இப்படிப்பட்ட ஒருவர் கொழுந்துச் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு நிறுவைக்கு ஏறுகிறார். அவருடைய முடியுரு நாடியில் சிறிய அடைப்பு இருந்தாலும் பெரிய அடைப்பின் வலி வரும். ஆகவே இரும்புக் குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகு சாயத்தண்ணியோடு விழுங்காதீர்கள். தேயிலையில் உள்ள தனின் இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். அவருக்குச் சோகை ஏன் வந்தது என்பதையும் தேட வேண்டும், மாதவிடாய், புழு, வயிற்றுப் புண் என்று காரணம் பல இருக்கலாம்.

நாக்குக்கு அடியில் வைக்கும் குளிசை அடைப்பைக் கரைக்குமா?

கரைக்காது. அது நைத்திரோகிளிசரின், உடம்புக்குள் போய் நைத்திரிக் ஒட்சைட்டை விடுகிறது. 1879 இல் வில்லியம் மரெல் இதை நெஞ்சு வலிக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். நைத்திரிக் ஒட்சைட்டுக்கு அன்று பெயர் கூட இந்த வேலையில் அடிபடவில்லை. டைனமைட்டில் உள்ள அதே பொருள்தான். டைனமைட்டைக் கண்டுபிடித்த அல்பிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் இந்த மருந்தை எழுதிக் கொடுத்தார்கள்.

அதன் முக்கிய வேலை, நாளங்களைத் தளர்த்தி இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தத்தைக் குறைப்பது. இதயவறை குறைவாக நிரம்பும், சுவரின் இழுவிசை குறையும், தேவை இறங்கும். உட்சுவரில் நெரிசலும் தணியும். முடியுரு நாடியையும் ஓரளவு விரிக்கும். பிரஷர் இறங்குவதால் உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனபில் வகை மருந்து போட்டவர் இதைத் தொடக்கூடாது, அமுக்கம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் இது, மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.

பைசோப்ரோலோல், அடெனோலோல் போன்ற குளிசைகள் வேறு வழியில் வேலை செய்கின்றன. துடிப்பைக் குறைத்துத் தளர்வு நேரத்தை நீட்டுகின்றன. மேலே பார்த்த 40 செக்கன், 28 செக்கன் கணக்கைத் திருப்பிப் போட்டால் இந்த மருந்து விளங்கிவிடும்.

இதயப் பரிசோதனைக்கு முதல்நாளே தேத்தண்ணி குடிக்கக்கூடாது என்றார்கள். நம்ம ஊரில் இது என்ன நியாயம்?

எல்லாப் பரிசோதனைக்கும் அல்ல. நடக்க முடியாதவர்களுக்கு, அடினோசின் ஏற்றிக் குழாய்களை முழுக்க விரியவைத்துக் கையிருப்பை அளக்கும் பரிசோதனை இருக்கிறது. தேத்தண்ணியிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன், அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். குழாய் விரியாது, முடிவு பிழைக்கும். அதனால் 12 முதல் 24 மணித்தியாலம் நிறுத்தச் சொல்கிறார்கள். தேயிலையில் இருந்து 1888 இல் கொசெல் பிரித்தெடுத்த தியோஃபிலினும் இதே வகை. சுவாசக் கஷ்டத்துக்கு அந்த மருந்து எடுப்பவர்கள் பரிசோதனைக்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும். தேத்தண்ணி இதயத்துக்குக் கெடுதல் என்று இதற்குப் பொருள் இல்லை.

அன்ஜியோகிராமில் அடைப்பு இல்லை என்றார்கள். ஆனாலும் வலிக்கிறது. மனப்பிரமையா?

அப்படிச் சொல்லி அனுப்பிவிடுவது அநியாயம். அன்ஜியோகிராம் காட்டுவது பெரிய நாடிகளை. தடை இருப்பது நுண்ணிய நாடிகளில் என்று பார்த்தோம், அவை படத்தில் தெரியாது. அவை விரிய மறுத்தாலும் கையிருப்பு குறையும், வலியும் வரும். பெண்களிடமும் நீரிழிவு உள்ளவர்களிடமும் இது கூடுதல். இன்னொரு வகையில், ஓய்வாக இருக்கும்போதே, அநேகமாக விடிகாலையில், பெரிய நாடி திடீரென்று இறுகிப் பிடித்துக்கொள்ளும். 1959 இல் பிரின்ஸ்மெற்றல் விவரித்தது இது. இரண்டுக்கும் மருந்து உண்டு.

நாடி முழுக்க அடைபட்டால் எவ்வளவு நேரம் இருக்கிறது?

ஓட்டம் நின்ற ஒரு நிமிடத்துக்குள்ளேயே அந்தப் பகுதித் தசை ஒழுங்காகச் சுருங்குவதை விட்டுவிடும். இருபது முப்பது நிமிடம் வரைக்கும் திரும்பக் கொண்டுவரலாம். அதற்குப் பிறகு உட்சுவரில் கலங்கள் சாகத் தொடங்கி, அடுத்த சில மணித்தியாலங்களில் சாவு வெளிச்சுவரை நோக்கி நகரும். பக்கத்து நாடிகளில் இருந்து மாற்றுப் பாதை வளர்ந்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைக்கும்.

எனவே வலி ஓய்ந்தும் போகவில்லை, வியர்க்கிறது, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறது, அல்லது நீரிழிவுக்காரருக்கு வலியே இல்லாமல் மூச்சு முட்டுகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 1990 க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக் கசிவோ இல்லாதவருக்கு 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பி விழுங்கச் சொல்லலாமா என்று அழைப்பிலேயே கேளுங்கள். லயத்தில் இருந்து ரோட்டுக்குப் படியேற்றி நடத்திக் கூட்டிப் போகக்கூடாது. கதிரையில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்குங்கள். அம்புலன்ஸ் வர முடியாத பாதை என்றால் தோட்டத்து லொறியோ ஆட்டோவோ, எது முதலில் கிடைக்கிறதோ அது. நாடியை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கத்து ஆதார வைத்தியசாலையிலேயே போட முடியும், எடுத்த எடுப்பில் கண்டிக்கு ஓட வேண்டியதில்லை. கிளினிக் கொப்பியையும், போடுகிற குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை வீட்டில் ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். முதல் 12 மணித்தியாலத்துக்குள் போட வேண்டிய ஊசி என்பதால் வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.